டெல்லியிலிருந்து ஜெய்சல்மேர்: பாலைவன ஏரியில் படகும் மணல்மேட்டில் கூடாரமும் – முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் டெல்லித் தமிழர் வீடுகளில் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து இறங்குவார்கள். பிள்ளைகளின் குளிர்கால விடுமுறையும் நெருங்கிவிடும். ஆக்ராவும் ஹரித்துவாரும் பார்த்தாயிற்று. ஷிம்லாக் குளிர் பெரியவர்களுக்கு ஆகாது. இங்கேயே இருக்கலாம் என்றால் வாசலில் புகைமூட்டம். அந்தச் சமயத்தில் பகலில் நல்ல வெயிலும் இரவில் சுத்தமான வானமும் கிடைக்கிற இடம் ஜெய்சல்மேர். அங்கே ஏரியில் படகு ஓட்டலாம், மணலில் கூடாரம் போட்டுத் தூங்கலாம்.

பலரும் இந்தப் பயணத்தை ஒட்டகச் சவாரி, நடனம், போட்டோ என்று திட்டமிடுகிறார்கள். தண்ணீரை வைத்துத் திட்டமிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அந்த ஊரின் ஆண்டு மழை ஏறக்குறைய 20 செ.மீ. சென்னைக்கு 140 செ.மீ. கிடைக்கிறது. அவ்வளவு குறைந்த மழையை வைத்துக்கொண்டு எட்டு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நகரம் வாழ்ந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணமான ஏரியைப் பார்க்காமல் கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதிப் பயணம்தான். எங்கே தங்குவது, எந்த நேரத்தில் படகு ஏறுவது, பையில் என்ன எடுத்துப் போவது என்ற கேள்விகளுக்கும் தண்ணீரே பதில் சொல்லிவிடும்.

முதலில் தேதி

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை சீசன். மே, ஜூனில் வெயில் 42 டிகிரிக்கு மேல் போகும். அப்போது பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பகல் 23, 24 டிகிரி என்று இதமாக இருக்கும். இரவில் 7, 8 டிகிரிக்கு இறங்கும், சில நாட்களில் இன்னும் கீழே போகும். திறந்த மணலில் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

தேதியை முடிவு செய்யும் முன் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை ஒருமுறை பாருங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். பௌர்ணமியை ஒட்டிப் போனால் மணல்மேடு முழுக்க நிலா வெளிச்சம் இருக்கும், ஆனால் நட்சத்திரங்கள் மங்கிவிடும். இரண்டும் ஒரே இரவில் கிடைக்காது. என் ஓட்டு அமாவாசைக்கு. நிலாவை டெல்லியிலும் பார்க்கலாம், நட்சத்திரங்களைப் பார்க்க முடியாது.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை ஊரே நிரம்பி வழியும், அறை வாடகையும் ஏறிவிடும். வடநாட்டு மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் பிப்ரவரியில், மூன்று நாள் பாலைவனத் திருவிழா நடக்கும். திருவிழா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. அமைதி வேண்டும் என்றால் ஜனவரி இரண்டாவது வாரம் பொருத்தம். டெல்லிப் பள்ளிகளுக்கும் அப்போது பெரும்பாலும் விடுமுறைதான்.

எப்படிப் போவது

ரயில்தான் சிறந்த வழி. பழைய டெல்லி ஸ்டேஷனில் மாலை ஏறினால் ஜெய்ப்பூர், ஜோத்பூர் வழியாக மறுநாள் நண்பகல் வாக்கில் ஜெய்சல்மேர். கிட்டத்தட்ட 18 மணி நேரம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது; குளிர்கால விடுமுறைக்கு அன்று காலையே உட்கார்ந்து பதிவு செய்துவிடுங்கள். தர்ட் ஏசி எடுங்கள். ஸ்லீப்பரில் போனால் ஜோத்பூருக்கு அப்பால் ஜன்னல் இடுக்கு வழியாக மணல் வந்து பெட்டியெல்லாம் படியும்.

காலையில் கண் விழித்ததும் வெளியே பாருங்கள். வயல்கள் குறைந்து முட்புதர்களும், நடுநடுவே குடை விரித்தாற்போல் ஒற்றை மரங்களும் வரும். அவை கேஜ்ரி மரங்கள். நம் கோயில்களில் வன்னி மரம் என்று சுற்றி வருகிறோமே, அதே மரம்தான். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி என்ற ஊரில் இந்த மரங்களை அரசாங்க ஆட்கள் வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவியும் அவரைத் தொடர்ந்து பிஷ்ணோய் மக்களும் மரங்களைக் கட்டிப் பிடித்து உயிரை விட்டார்கள். இறந்தவர்கள் 363 பேர். அம்மாவுக்கும் மாமியாருக்கும் இதை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த மரத்தை அவர்கள் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

விமானம் என்றால் குளிர்காலத்தில் டெல்லியிலிருந்து நேரடிச் சேவை இருக்கும். அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். ஜோத்பூர் வரை பறந்து அங்கிருந்து ஐந்து மணி நேரம் காரில் போவது நிச்சயமான வழி. டெல்லியிலிருந்தே கார் என்றால் பிகானேர் வழியாக சுமார் 800 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், பிகானேரில் ஓர் இரவு தங்குங்கள். ஜனவரி விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஹரியானா நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டே நாள்தான் லீவு என்றால் ஜெய்சல்மேரை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொண்டு, ஆல்வார் அருகிலுள்ள சிலிசேட் ஏரிக்குப் போய்வரலாம். 1845-ல் கட்டியது, படகும் உண்டு. ஆனால் அது ஆரவல்லி மலையடிவாரம், பாலைவனம் இல்லை.

பையில் என்ன

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களின் உடைகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு ஸ்வெட்டரும் ஒரு சால்வையும் இருக்கும். மணலில் இரவு தங்க அது போதாது. உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும். குல்லா, மஃப்ளர், இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். வேட்டி கட்டும் பெரியவர் என்றால் உள்ளே தெர்மல் பேன்ட் போட்டு மேலே வேட்டி கட்டிக்கொள்ளட்டும், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கூடார முகாம்களில் ரஜாய் என்ற தடித்த பஞ்சுப் போர்வை கொடுப்பார்கள். ஆனாலும் ஆளுக்கொரு படுக்கை விரிப்பு வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.

பகல் வெயிலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது. உதடு வெடிக்கும், மூக்கு வறளும், தலைவலி வரும். அப்பாவுக்குத் தாகம் எடுக்கவில்லை என்றாலும் மணிக்கொரு முறை தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒருவருக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு வையுங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சில கையில் இருக்கட்டும். பாட்டில் பாட்டிலாக வாங்காமல் நகரத்தில் 20 லிட்டர் கேன் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, வீட்டு ஸ்டீல் பாட்டில்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில் மணலில் ஒன்றுகூட மிச்சமாகாது.

சாப்பாட்டுக்கு ரயிலில் புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். மற்ற வேளைகளில் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். கம்பு ரொட்டி நமக்குப் புதிதில்லை. கேர் சாங்ரி என்ற பொரியலில் சாங்ரி என்பது அந்த வன்னி மரத்தின் காய்தான். மழையில்லாத ஊரில் காயவைத்து வருடம் முழுக்க வைத்துச் சமைப்பார்கள்; புளிப்பும் காரமுமாக நம் வற்றல் குழம்புப் பிரியர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். பெரியவர்களுக்குக் காபி முக்கியம் என்றால் காபிப் பொடியும் சின்ன ஃபில்டரும் பையில் போடுங்கள். பாலும் வெந்நீரும் எங்கும் கிடைக்கும்.

டார்ச், வழக்கமான மாத்திரைகள், கண்ணுக்குச் சொட்டு மருந்து, போனை மணலிலிருந்து காக்க ஜிப் கவர். ரொக்கமும் வேண்டும். நகரத்தில் யுபிஐ நன்றாக ஓடும், மணல்மேட்டுப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். ட்ரோன் எடுத்துப் போக வேண்டாம். அது எல்லைப்புறம், விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால், சாம் மணல்மேடுகளைத் தாண்டிப் பாகிஸ்தான் எல்லைப் பக்கம் போவதற்கு முன் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி பற்றி விசாரியுங்கள்.

முதல் நாள்: கோட்டைக்குக் கீழே தங்குங்கள்

நண்பகலில் இறங்கியதும் ஸ்டேஷன் வாசலிலேயே முகாம் பேக்கேஜ் விற்க ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். எதுவும் பேசி முடிக்காதீர்கள், நேராக ஹோட்டலுக்குப் போய்விடுங்கள்.

ஹோட்டல் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: கோட்டைக்கு உள்ளே தங்காதீர்கள். 1156-ல் ராவல் ஜைசல் எழுப்பிய இந்தக் கோட்டையில் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பிடித்தது. அதைக் கட்டியவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து சிக்கனமாகச் செலவழித்தவர்கள். குழாய்த் தண்ணீர் வந்து, விடுதிகள் பெருகி, அறைக்கு அறை ஷவர் ஓட ஆரம்பித்ததும் கழிவுநீர் கசிந்து அடியிலுள்ள மண்பாறையில் இறங்கியது. சுவர்கள் தளர்ந்து கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. நம் ஒரு குடும்பம் கீழே தங்கினால் அந்தச் சுவருக்கு அவ்வளவு பாரம் குறையும். அதோடு, மாலையில் மஞ்சள் கல் பொன்னிறமாக மின்னும் காட்சி கீழே மொட்டை மாடியிலிருந்துதான் முழுசாகத் தெரியும்.

மதியம் சற்றுத் தூங்கிவிட்டு நாலு மணிக்குக் கோட்டைக்கு நடந்து போங்கள். கல் பதித்த ஏற்றம் வழுவழுப்பாக இருக்கும்; முட்டி வலிக்காரர்களை வாசல் வரை ஆட்டோவில் கொண்டுபோங்கள். உள்ளே சமணக் கோயில்களின் சிற்பங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள், நுழைவு நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை: கடிசர் ஏரி

இந்தக் காலைப் பொழுதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்க ஏழரை ஆகிவிடும். ஏழு மணிக்குள் ஏரிக்கரையில் இருங்கள். கோட்டையிலிருந்து நடக்கும் தூரம்தான்.

கடிசர் இயற்கை ஏரி அல்ல. 14-ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் காலத்தில் திருத்திக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம். அவர் பெயரே ஏரிக்கும் நிலைத்தது. கால்வாய் வரும்வரை நகரத்தின் குடிநீருக்கு இதுதான் ஆதாரம். ஏரிக்கு மேலே பரந்து கிடக்கும் கல்தரைதான் நீர்ப்பிடிப்பு. அங்கே பெய்யும் கொஞ்ச மழையும் வீணாகாமல் வழிந்து ஏரிக்கு வரும். அந்தத் தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஊர்க் கட்டுப்பாடு. ஏரி நிறைந்து வழிந்தால் உபரி நீர் கீழே அடுத்தடுத்த குளங்களுக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சங்கிலி ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே புரிந்துவிடும். அப்பாவைக் கரையில் நிறுத்தி நீர்வரத்து எங்கே, வழிந்தோடும் இடம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது கால்வாய் நீரும் ஏரிக்கு வருகிறது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே தடுப்பணையிலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாய் 649 கி.மீ. ஓடி ஜெய்சல்மேர் மாவட்டத்தில் முடிகிறது. 1958-ல் ராஜஸ்தான் கால்வாய் என்ற பெயரில் வேலை தொடங்கியது. கோடையில்கூட ஏரி அடியோடு வற்றாமல் படகு ஓடுகிறது என்றால் அதில் இமயமலைப் பனிக்கும் பங்கு உண்டு.

ஏரிக்குள் நுழையும் இடத்தில் அழகான வளைவு வாயில் ஒன்று நிற்கும், திலோன் கீ போல் என்று பெயர். திலோன் என்ற தாசி கட்டியது என்றும், அவள் கட்டிய வாயிலுக்கு அடியில் அரசர் நடந்து போகக் கூடாது என்று இடிக்கக் கிளம்பியபோது உச்சியில் பெருமாளுக்கு ஒரு சன்னிதி வைத்துவிட்டாள், அப்புறம் யாராலும் கை வைக்க முடியவில்லை என்றும் ஊரில் கதை சொல்வார்கள்.

சரி, படகுக்கு வருவோம். கரையிலேயே டிக்கெட் கவுன்ட்டர் இருக்கிறது. பெடல் போட், துடுப்புப் படகு, படகோட்டியோடு வரும் அலங்காரப் படகு என்று வகைகள் உண்டு. பெரியவர்களுக்கு ஆள் வைத்து ஓட்டும் படகு. பிள்ளைகள் பெடல் போட்டுக்கு அடம் பிடிப்பார்கள், விடுங்கள். எல்லோரும் காலையிலேயே ஏறுவது முக்கியம். காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறக் காற்று கிளம்பி, பெடல் போட்டை அது ஒரு பக்கம் தள்ள, நீங்கள் இன்னொரு பக்கம் மிதிக்க, கால் கடுத்துவிடும். காற்று இருந்தால் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்துப் போன பிறகு காற்றே உங்களைக் கரைக்குத் தள்ளிவரும்.

லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா மாட்டிக்கொண்டால் போதாது. பிள்ளைக்குப் போட்டு வார்களை இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறி வந்தால் அது தண்ணீரில் விழுந்ததும் கழன்றுவிடும். சின்ன அளவு கேளுங்கள், இல்லை என்றால் அந்தப் பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள். உள்ளே நிற்கக் கூடாது, இடம் மாறக் கூடாது, செல்ஃபிக்காக ஒரே பக்கம் எல்லோரும் சாயக் கூடாது.

ஏரி நடுவில் நிற்கும் கல் மண்டபங்கள்தான் இந்தப் படகுச் சவாரியின் உயிர். தண்ணீர் உயர்ந்திருக்கும்போது தூண்களின் பாதி மறைந்து, குடை போன்ற கூரை மட்டும் மிதப்பதுபோல் தெரியும். படகை மண்டபத்தோடு மோதவிடாதீர்கள், அந்த மஞ்சள் கல் சட்டென்று பொரிந்துவிடும். குளிர்காலத்தில் நீர்ப்பறவைகளும் வரும். அவை கூட்டமாக உட்கார்ந்திருக்கும் மூலைக்குப் படகை விரட்டிக்கொண்டு போக வேண்டாம். தள்ளி நின்று மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் அவையே பயம் தெளிந்து நெருங்கும். படித்துறை ஓரம் பெரிய பெரிய கெளுத்தி மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மொய்க்கும். பிரெட் பாக்கெட் விற்பவர்கள் நச்சரிப்பார்கள். ஊறிப்போன பிரெட் தண்ணீரைக் கெடுக்கும், வாங்காதீர்கள்.

நகரிலிருந்து மணலுக்கு

காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். முதலில் அமர் சாகர். நகரத்திலிருந்து ஐந்தாறு கி.மீ. இந்த ஏரியின் படுகைக்குள்ளேயே கிணறுகள் வெட்டியிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து ஏரி வற்றிப் போனாலும், மண்ணுக்குள் இறங்கிய நீர் அந்தக் கிணறுகளில் ஊறிக் கிடைக்கும். ஏரி காய்ந்திருக்கும்போது போனால் ஏமாந்தோம் என்று திரும்பிவிடாதீர்கள். அந்தக் கிணறுகள் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

அடுத்து சாம் போகும் வழியில் குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து 19-ஆம் நூற்றாண்டில் விட்டுப்போன ஊர். பேய்க்கதை சொல்லித்தான் வழிகாட்டிகள் காட்டுவார்கள். பேயை விடுங்கள், அவர்களின் விவசாயத்தைக் கேளுங்கள். பாறை மேட்டில் பெய்த மழை வழிந்து வரும் தாழ்வான இடத்தில் குறுக்கே நீளமாக ஒரு மண்கரை போடுவார்கள். தண்ணீர் தேங்கி நின்று மண்ணில் ஊறும். ஊறிய ஈரத்தை மட்டும் நம்பிக் குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள், அப்புறம் ஒரு சொட்டுகூடப் பாய்ச்ச வேண்டாம். காதீன் என்று பெயர். பாலிவால்கள் போய்விட்டாலும் அந்த வட்டாரத்தில் காதீன்கள் இன்றும் விளைகின்றன. நல்ல மழை பெய்த வருடம் ஜனவரியில் போனால், மணலுக்கு நடுவே பச்சைக் கோதுமை வயலை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

கூடாரம்: சாம் அல்லது கூரி

சாம் மணல்மேடுகள் நகரிலிருந்து 40 கி.மீ. சொச்சம். முகாம்கள் வரிசையாக இருக்கும். கூரி தென்மேற்கே இருக்கிறது, கூட்டம் குறைவு. பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் வேண்டும் என்றால் சாம், அமைதிதான் வேண்டும் என்றால் கூரி.

முகாமுக்குப் போன் செய்யும்போது வாடகையைக் கடைசியாகக் கேளுங்கள். கூடாரத்தோடு கழிப்பறை சேர்ந்திருக்கிறதா? வெந்நீர் எத்தனை மணிக்கு? மணல்மேடு நடக்கும் தூரமா, வண்டியில் போக வேண்டுமா? சைவச் சமையல் தனியா? ஸ்பீக்கர் பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும்? இவற்றுக்கு நேரான பதில் வரவில்லை என்றால் அடுத்த முகாமைப் பாருங்கள். படத்தில் காட்டும் கூடாரத்தைத்தான் தருவார்களா என்பதையும் வாட்ஸாப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். குளிருக்காக மூடிய கூடாரத்துக்குள் கரி அங்கீட்டி (கணப்புச் சட்டி) வைக்கக் கூடாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் டெல்லிச் செய்தித்தாள்களில் இதனால் இறந்தவர்களின் செய்தி வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். முகாம்காரர் அன்போடு கொண்டுவந்தாலும் வெளியே வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் வெந்நீர்ப் பை ஒன்று கேட்டு, படுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு பெரியவர்களின் ரஜாய்க்குள் வைத்துவிடுங்கள்.

சொந்தக் கூடாரம் போட ஆசைப்படுகிறவர்கள், கண்ட இடத்தில் போடாமல் ஏதாவது முகாமின் வளாகத்துக்குள் அனுமதி கேட்டுப் போடுங்கள். அந்த வட்டாரத்தில் வனத்துறைக்குச் சொந்தமான நிலம் நிறைய. மேட்டின் உச்சியில் காற்று அறையும். இரண்டு மேடுகளுக்கு நடுவே சமதரையைத் தேர்ந்தெடுங்கள். கூடாரத்தோடு வரும் சின்ன முளைகள் மணலில் நிற்கவே நிற்காது. நாலைந்து துணிப்பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதன் கழுத்தில் முடிந்து, ஒரு முழ ஆழக் குழியில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். எவ்வளவு காற்றடித்தாலும் அசையாது. வாசல் காற்றுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். மணலில் கிடக்கும் சுள்ளியையோ புதரையோ பிடுங்கித் தீ மூட்டாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தான்.

மாலை சவாரிக்கு ஒட்டகம். உட்கார்ந்திருக்கும் ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், நீங்கள் முன்னால் சாய்ந்து விழப் பார்ப்பீர்கள். எழும் முன் சேணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாயுங்கள். உட்காரும்போதும் முன்னங்கால்தான் முதலில் மடியும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். மூக்கில் புண் இருக்கும் ஒட்டகத்தில் ஏறாதீர்கள். மணல்மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கும் சவாரிக்கும் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதுகுவலிக்காரருக்கு ஆபத்து, மணலில் வாழும் உயிர்களுக்கும் கேடு.

இந்தப் பக்கமெல்லாம் பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டிய நிலம், பூங்கா 3,162 சதுர கி.மீ. கானமயில் என்ற பெரிய பறவை அதிகமாக மிஞ்சியிருக்கும் இடம் இதுதான். மொத்தமே 200-க்கும் குறைவாகத்தான் இருக்கின்றன. மின்கம்பிகளில் மோதி இறக்கின்றன, முட்டையை நாய்கள் தின்றுவிடுகின்றன. சாமில் அவற்றைப் பாதுகாத்து இனப்பெருக்கம் செய்யும் மையம் ஒன்று நடக்கிறது. இரவில் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு, மாங்கணியார் பாடகர்களை உங்கள் குடும்பத்துக்கு மட்டும் அரை மணி நேரம் பாடச் சொல்லிக் கேளுங்கள். கமைச்சா, கர்த்தால், மோர்ச்சங் – இவைதான் அவர்களின் வாத்தியங்கள். மோர்ச்சங்கை எடுத்து அவர் வாயில் வைத்ததும் கச்சேரி கேட்டுப் பழகிய தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், நம் மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வாசிக்கும் அதே முகர்சிங். பாட்டு முடிந்ததும் அவர்கள் கையிலேயே பணம் கொடுங்கள்.

அப்புறம் விளக்குகளை விட்டு நூறு அடி தள்ளிப் போய்ப் பாயை விரித்துப் படுங்கள். டிசம்பர் கடைசியில் இரவு 10 மணி வாக்கில் கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கும். கிழக்கே ரோகிணி, அதற்கும் கீழே செம்மஞ்சள் நிறத்தில் திருவாதிரை. தூக்கம் வராதவர்கள் நள்ளிரவு தாண்டித் தெற்கே அடிவானத்தை ஒட்டிப் பாருங்கள். அங்கே தாழ்வாக, பளிச்சென்று ஒரே ஒரு வெள்ளை நட்சத்திரம், அதுதான் அகத்தியர். சென்னை வானில் நன்றாக உயர்ந்து நிற்பது இங்கே நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்துக்குத்தான் எழும். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் தெரிந்த நட்சத்திரங்களைப் பேரன் பேத்திகளுக்குக் கைநீட்டிக் காட்டும் வாய்ப்பு பாட்டிக்கு டெல்லியில் கிடைக்கவே கிடைக்காது.

பாம்பு, தேள் பயம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். குளிர்காலத்தில் நடமாட்டம் குறைவு. ஆனாலும் சுருட்டை விரியன் அந்த மணலுக்குச் சொந்தக்காரன். இரவில் டார்ச் இல்லாமல், செருப்பில்லாமல் இறங்காதீர்கள். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். ஏதாவது கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேராக ஜெய்சல்மேர் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு வண்டியை விடுங்கள். ஆம்புலன்ஸ் எண் 108.

மூன்றாம் நாள், திரும்பும் வழி

விடியலை மணல்மேட்டிலிருந்து பாருங்கள், காற்று வரைந்த வரிகள் காலடி படாமல் இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். குப்பை அத்தனையையும் ஒரு பையில் கட்டி நகரத்துக்குக் கொண்டுவந்து போடுங்கள், முகாமில் விட்டுவராதீர்கள். பதினொரு மணிக்கு நகரம் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, மாலை வண்டிக்கு நேரம் சரியாக இருக்கும்.

ஜனவரியில் டெல்லியை நெருங்க நெருங்கப் பனிமூட்டத்தால் வண்டி மணிக்கணக்கில் தாமதமாகும். வந்து சேரும் நாளன்று ஆபீஸ் மீட்டிங்கோ, அப்பா அம்மாவுக்குச் சென்னை விமானமோ வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ரயிலில் மதிய உணவு கிடைக்கும் என்று நம்பாமல், ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பும் முன்பே பழமும் ரொட்டியும் குடிதண்ணீரும் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.